வைத்திருத்தலும் வைத்துக்கொள்ளுதலும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே அறிந்துகொள்ளும் வினைச்சொற்களுள் 'கீப்' என்பதும் ஒன்று. நான்கே எழுத்துகள். இறந்தகாலத்தில் 'கெப்ட்' என்று திரியும். பள்ளியிலே ஆசிரியர் இதற்கு 'வை' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். பிள்ளையும் அவர் பின்னே போய்விடும். பிற்காலத்தில் ஆங்கிலக் கடிதம் ஒன்றையோ பத்திரம் ஒன்றையோ தமிழாக்க உட்காரும்போதுதான் இச்சொல் எத்தகைய பொல்லாத சொல் என்பது விளங்கும்.

ஒருவர் கடையைக் 'கீப்' செய்கிறார் என்றால் தமிழில் அவர் கடை வைத்திருக்கிறார். கோழியைக் 'கீப்' செய்தால் கோழி வளர்க்கிறார். கணக்கைக் 'கீப்' செய்தால் கணக்கு எழுதுகிறார். வாக்கைக் 'கீப்' செய்தால் வாக்கைக் காப்பாற்றுகிறார். வாயைத் திறவாமல் 'கீப்' செய்தால் பேசாமல் இருக்கிறார். பேசுவதை நிறுத்தாமல் 'கீப்' செய்தால் பேசிக்கொண்டேயிருக்கிறார். குளச்சலிலிருந்து காலையில் வந்த மீன் நாளை வரை 'கீப்' ஆகாது என்றால், நம் வீட்டுப் பெண்கள் 'இது நாளைக்குத் தாங்காது' என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தைப் புரட்டினாலும் இச்சொல்லுக்கு நேரே ஒரு நீண்ட நிரலைத்தான் காண்போம். நிரல் உதவும், ஆனால் எதை எடுப்பது என்பதை நிரல் சொல்லாது.

இச்சொல்லின் பிறப்பும் வியப்புக்குரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் திடீரெனத் தலைகாட்டுகிறது. ஜெர்மன், டச்சு முதலிய உறவு மொழிகளில் இதற்கு உடன்பிறப்பென உறுதியாகச் சொல்லத்தக்க சொல் இல்லை என்று சொல்லாய்வாளர் எழுதுகின்றனர். முதலில் பற்றுதல், நோக்கியிருத்தல், கருத்தூன்றிக் கவனித்தல் என்னும் பொருள்களில் வழங்கியது; பிறகுதான் காத்தல், தன்னிடமே கொண்டிருத்தல் என்னும் பொருள்கள் மேலோங்கின. இதே சொல் பெயராகவும் நின்று, கோட்டைக்குள்ளே கடைசிப் புகலிடமாக விளங்கும் பெரிய காவற்கோபுரத்தைக் குறிக்கும். கோட்டை வீழ்ந்தாலும் 'கீப்' வீழாது என்பது அக்கால இங்கிலாந்து மன்னர்களின் நம்பிக்கை.

கோட்டை என்றதும் நமக்கு நம் பத்மநாபபுரம் நினைவுக்கு வருவது இயல்பு. கல்குளம் என்று முன்னர் வழங்கிய இவ்வூர் திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. மார்த்தாண்டவர்மர் காலத்தில் பத்மநாபபுரம் என்று பெயர் பெற்றது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கருங்கல் மதில் சூழ்ந்த கோட்டைக்குள் ஏறத்தாழ ஆறு ஏக்கரில் மர அரண்மனை நிற்கிறது. தாய்க்கொட்டாரம், மந்திரசாலை, உப்பரிக்கை மாளிகை எனப் பல கட்டடங்கள். கண்ணாடிபோல் மின்னும் அக்கருந்தரையில் வெறுங்காலுடன் நடந்தவர்கள் அதன் குளிர்ச்சியை மறக்கமாட்டார்கள்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஊர் இங்கே வந்தது; அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. இன்றும் அம்மாநிலத்தின் தொல்பொருள் துறையே அதனை நிர்வகிக்கிறது. கதவைத் திறப்பதும் சீட்டுக் கொடுப்பதும் ஓடு மாற்றுவதும் அவர்களே. மண் தமிழ்நாடு, வீடு கேரளம்.

இச்செய்தியை ஆங்கிலத்தில் எழுதுபவர், கேரளம் அந்த அரண்மனையைக் 'கீப்' செய்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தேநீர் அருந்தப் போகலாம். தமிழில் எழுதுபவருக்கு அந்த நிம்மதி கிடையாது. கேரளம் வைத்திருக்கிறது என்பதா? வைத்துக்கொண்டுவிட்டது என்பதா? காக்கிறது என்பதா? பேணுகிறது என்பதா? முதலாவது செய்தி, இரண்டாவது வழக்கு, மூன்றாவது நன்றி, நான்காவது பாராட்டு. நான்கும் 'கீப்' தாம். எதை எழுதினாலும் எழுதுபவர் ஒரு பக்கம் சாய்ந்தே தீரவேண்டும். மலையாளம் அறிந்த நம்மூர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால் 'சூக்ஷிக்குக' என்று ஐந்தாவதாக ஒன்றைத் தருவார்கள். பத்திரமாக வைத்தல் என்பதும் எச்சரிக்கையாக இருத்தல் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடக்கம். கேரளச் சாலைகளின் அபாயமான வளைவுகளில் அச்சொல்லே எச்சரிக்கைப் பலகையாக நிற்கக் காண்கிறோம்.

தமிழின் நுட்பம் 'வை' என்னும் முதல்வினையில் இல்லை. அதைத் தொடர்ந்து வரும் துணைவினையில் இருக்கிறது. 'இரு' என்பது நிலையைக் காட்டும். 'கொள்' என்பது செயலின் பயன் செய்பவனுக்கே திரும்புவதைக் காட்டும். பணத்தை வைத்திருந்தான் என்றால் அது அவன் கையில் இருந்தது. யாருடையது என்பது வேறு கேள்வி. பணத்தை வைத்துக்கொண்டான் என்றால் கதை முடிந்தது. அண்டை வீட்டார் நம்மிடம் ஒப்படைத்த நகையை 'வைத்திருந்தோம்' என்றால் நாம் நாணயமானவர்கள். 'வைத்துக்கொண்டோம்' என்றால் காவல் நிலையம் போகவேண்டியதுதான். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஆங்கிலம் தன் வினைச்சொல்லுக்குள் காட்டுவதில்லை. காட்ட வேண்டுமானால் உனக்காக, இப்போதைக்கு, என்றென்றைக்கும் என்று வேறு சொற்களைத் துணைக்கு அழைக்கவேண்டும். அழைக்காமல் எழுதிவிட்டால்?

அப்படி எழுதப்பட்ட ஒரு கடிதம் பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தது. தக்கலைப் பக்கத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர். வாப்பா மவுத்தான பிறகு தென்னந்தோப்பை விற்றார்கள். தம்பி அப்போது சவூதியில் வேலையில் இருந்தார். அவர் பங்கும் மூத்தவர் கையிலேயே தங்கிற்று. தம்பி திருவனந்தபுரத்தில் உறவினர் வீட்டிலிருந்து படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினார். நலம் விசாரிப்புகளுக்கு இடையே ஒரு வரி: 'யூ கீப் தி மணி'. அவ்வளவுதான்.

மூத்தவரின் பிள்ளைகளுக்கு இதில் ஐயமே இல்லை. "சாச்சா வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், வாப்பா" என்றார்கள். வீட்டில் மணமாகாத பெண் இருந்தாள். சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மூத்தவர் அக்கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். உட்காரக்கூட இல்லை. "நீங்க படிச்சவங்க. இவன் வைத்திருக்கச் சொல்லுகிறானா, வைத்துக்கொள்ளச் சொல்லுகிறானா? அது ஒன்று தெரிந்தால் போதும்" என்றார்.

நாம் அவ்வரியை நாலைந்து முறை படித்தோம். முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்தோம். ஆங்கிலம் வாய் திறக்கவில்லை. இரண்டுக்கும் இடமுண்டு, தம்பியிடமே கேட்டு எழுதுங்கள் என்றோம். அதற்கு அவர் சொன்ன விடை இன்னும் நம் காதில் நிற்கிறது. "அதை எப்படிக் கேட்பேன்? வைத்துக்கொள்ளவா என்று நான் கேட்டாலே, தா என்று கேட்டதாக ஆகிவிடுமே!"

மார்க்கச் சட்டம் இந்த இரண்டுக்கும் இரு வேறு பெயர்களை இட்டு வைத்திருப்பதன் அருமை அன்று நமக்குப் புலப்பட்டது. பாதுகாக்கக் கொடுத்தது வதீஆ, அது அமானிதம். மனமுவந்து உடைமையாக்கிக் கொடுத்தது ஹிபா. வதீஆப் பொருளை உரியவரின் அனுமதியின்றிச் செலவிட்டவர் அதற்கு ஈடு கொடுக்கவேண்டியவராகிறார். ஐயம் நேர்ந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று அந்தப் பெரியவருக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியிருக்கவில்லை. பணத்தைத் தம்பி பெயரிலேயே வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டுவிட்டார். பெண்ணின் கலியாணத்துக்கு வெளியில் கடன் வாங்கினார். மக்கள் முகம் கோணினார்கள். வீட்டில் சில நாள் பேச்சு வார்த்தையே இல்லை என்றும் கேள்விப்பட்டோம். (வங்கிகள் 'டெபாசிட்' என்பதற்கு 'வைப்பு' என்னும் பழந்தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு நம் பாராட்டு. திரும்பிப் போகவேண்டிய பொருள் என்பது அந்தச் சொல்லிலேயே ஒலிக்கிறது.)

ஈராண்டு கழித்துத் தம்பி விடுமுறையில் வந்தார். வைப்புத் தொகைச் சீட்டைக் கையில் வாங்கியவர் திகைத்துப் போனாராம். "காக்கா, நான் அப்படியெல்லாம் யோசித்து எழுதவில்லை. உங்களிடம் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்" என்றாராம். 'உங்களிடம் இருக்கட்டும்'! தமிழும் தெளிவு தருவதற்கு மறுத்துவிட்டது பாருங்கள். மனிதன் மனத்தில் தெளிவில்லாதபோது எந்த மொழிதான் என்ன செய்யும்? முடிவில் தம்பி, கலியாணக் கடனில் பாதியைத் தாம் அடைப்பதாகச் சொல்லி அடைத்தார். மீதித் தொகை அவர் பெயரிலேயே நீடித்தது.

அமானிதத்தைப் பற்றிப் பேசும்போது ஹிஜ்ரத் நாளை நினையாமல் இருக்க முடியவில்லை. கி.பி. 622. மக்கத்துக் குறைஷியர் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உயிருக்கே உலை வைக்கத் துணிந்த இரவு. அவ்வூரார் நம்பிக்கையோடு ஒப்படைத்திருந்த பொருள்கள் அப்போதும் பெருமானார் வீட்டிலே இருந்தன. நபித்துவத்துக்கு முன்பே 'அல் அமீன்' என்று அவர்களை அழைத்த ஊரல்லவா! அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே பெருமானார் புறப்பட்டார்கள். பகைவர் பொருளும் வைத்திருந்த பொருளே. இவ்வரலாற்றை ஆங்கில நூலில் படித்தால் 'கீப்' என்ற சொல்லே வரக்கூடும். தமிழாக்குபவர் துணைவினையைத் தவறவிட்டால் எத்தகைய அவச்சொல்லாகிவிடும் என்று எண்ணிப் பாருங்கள்.

நோன்பு வந்தால் இந்தச் சிக்கல் வேறொரு வடிவெடுக்கும். ஆங்கிலேயர் நோன்பைக் 'கீப்' செய்வார்கள். உருதுவில் 'ரக்னா' என்பார்கள். வைத்தல் என்றே பொருள். தமிழகத்தில் நம்மவர் பலர் நோன்பு வைப்பார்கள், குமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் நோன்பு பிடிப்பார்கள், நூல்களிலே நோற்பார்கள். 'பிடித்தல்' நமக்கு மிகவும் பிடித்த சொல். கையை விட்டால் போய்விடும் என்பதை அது உணர்த்துகிறது. ஆங்கிலச் சொல்லின் மிகப் பழைய பொருளும் பற்றுதலே என்று மேலே கண்டோம்.

முடிக்கும்போதுதான் வேடிக்கை. ஆங்கிலேயர் நோன்பை 'பிரேக்' செய்வார்கள், அதாவது உடைப்பார்கள். காலைச் சிற்றுண்டிக்கு அவர்கள் இட்ட பெயரே அதுதான். நாமோ நோன்பைத் திறக்கிறோம். நம் வழக்கில் நோன்பை முறித்தல் என்றால் நேரம் வருமுன் பாழாக்குதல். அதற்கு ஈடு செய்யவேண்டும். மஃரிப் பாங்கு கேட்டுப் பேரீச்சம்பழம் எடுத்த தலைவர் ஒருவரை ஆங்கிலச் செய்தியைப் பார்த்து 'நோன்பை முறித்தார்' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினால், பாவம், அன்று முழுதும் பசித்திருந்தவர் தலையில் பழியைச் சுமத்திவிடுகிறார். அகராதி அவரைக் குறை சொல்லாது. நம் வீட்டுச் சிறுபிள்ளை குறை சொல்லும்.

குமரி மாவட்டத்துக் கிறித்தவச் சகோதரர்களும் இதே சொல்லோடு மல்லாடியிருக்கிறார்கள். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்த நாள் தொட்டு லண்டன் மிஷனார் வழியே ஆங்கிலம் இப்பகுதியில் வேரூன்றியது. அவர்களுடைய தமிழ் வேதாகமத்தில் கட்டளைகளைக் 'கீப்' செய்வது கைக்கொள்ளுதல் ஆகும். ஓய்வுநாளைக் 'கீப்' செய்வது ஆசரித்தல் ஆகும். இரண்டும் தேர்ந்தெடுத்து வைத்த சொற்கள். 'கைக்கொள்' என்பதிலே 'கொள்' வந்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே பயன் செய்பவனுக்குத் திரும்புவது குற்றமாகாது. கட்டளையைத் தனதாக்கிக்கொள்வதே நோக்கம். துணைவினை என்பது தீர்ப்பன்று. இடம் பார்த்து வரவேண்டிய துணை.

நினைவில் வைத்தலும் ஆங்கிலத்தில் 'கீப்' தான். அரபியில் இதற்கு நேரான சொல் நாம் அன்றாடம் வழங்குவது: ஹிஃப்ழு. காத்தல், மனனம் செய்தல் ஆகிய இரண்டும் ஒரே வேர். திருக்குர்ஆனை மனனம் செய்தவரை ஹாபிழ் என்கிறோமே, காப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். நூலை அலமாரியில் வைத்திருப்பவருக்கு அப்பெயரில்லை. நெஞ்சில் ஏற்றியவருக்கே உண்டு. பத்மநாபபுரத்தின் கோட்டை மதிலிலிருந்து நடந்து போகும் தொலைவிலேயே தக்கலையில் பீர்முஹம்மது அப்பா அவர்களின் தர்கா இருக்கிறது. அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டு விழா இரவிலே கூடியிருந்து பாடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. அச்சு நூல் வருமுன்னர் அப்பாடல்களைக் காத்தவை ஓலையும் தொண்டையும். அரண்மனைக்குத் துறை உண்டு, சீட்டு உண்டு, காவலர் உண்டு. பாட்டுக்கு அவையெல்லாம் இல்லை. பாடுகிறவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுக்கிறான், அவ்வளவே. எது அதிக நாள் தாங்கும் என்று கேட்டால் நாம் பாட்டின் பக்கமே நிற்போம்.

ஒரு சிறு கசப்பையும் சொல்லிவிடுவோம். இந்த ஆங்கிலச் சொல் நம் தெருப்பேச்சுக்குள் பெயராகப் புகுந்தபோது பெற்ற பொருள் நல்லதன்று. மணம் செய்யாமல் ஒருவன் ஒதுக்கமாக வைத்திருக்கும் பெண்ணுக்கு அதைப் பெயராக்கிவிட்டார்கள். அவனுக்குப் பெயர் ஒன்றும் இல்லை! பெண்ணைப் பண்டமாக்கும் வேலையைத் தமிழிலும் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆங்கிலம் அதற்கு ஒரு நாகரிகப் போர்வை தந்தது. நம் இல்லங்களில் அச்சொல் அப்பொருளில் ஒலிக்காதிருத்தல் நலம்.

மீண்டும் அரண்மனைக்கே வருவோம். அங்கே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழைமை சொல்லப்படும் மணிக்கூண்டு ஒன்றுண்டு. கடிகாரம் காலத்தைக் 'கீப்' செய்யும் என்பது ஆங்கில வழக்கு. காலத்தை யாராவது வைத்திருக்க முடியுமா? தமிழன் அந்த வம்புக்கே போகாமல் கடிகாரம் ஓடுகிறது என்று சொல்லிவிட்டான்.

1750-ஆம் ஆண்டு தை மாதத்தையொட்டி மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தாம் பத்மநாபதாசர் என்னும் பெயரோடு ஆண்டார். திருப்படிதானம் என்பர். அதன் பின்னே இருந்த அரசியலை வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நாம் சொல்லை மட்டும் பார்ப்போம். நாட்டை வைத்துக்கொண்டிருந்த மன்னர் ஒரே நாளில் நாட்டை வைத்திருப்பவராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். நம்மிடையே வக்ஃபுச் சொத்துக்கும் முத்தவல்லிக்கும் உள்ள உறவு இதற்கு அணுக்கமானது. வக்ஃபு என்பதன் வேர்ப்பொருள் நிறுத்திவைத்தல். முத்தவல்லியின் கையில் சாவி இருக்கும், சொத்து இருக்காது. இந்த வேறுபாடு மறந்துபோன ஊர்களில் பள்ளிவாசல் நிலங்கள் என்னவாயின என்பதை வாசகர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள்.

ஆகவே கேரளம் அரண்மனையை வைத்திருக்கிறதா, பேணுகிறதா என்று நம்மைக் கேட்டால், மழைக்காலத்தில் வந்து உத்தரத்தையும் ஓட்டையும் பார்த்துவிட்டுச் சொல்லுகிறோம் என்போம். மரக்கட்டடத்துக்குக் கரையானும் நீர்க்கசிவுமே தீர்ப்பெழுதுபவை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அரண்மனையின் பெயர் ஏறியது. அது காத்திருப்போர் வரிசை. 'வைத்துக்கொண்டுவிட்டது' என்று குமுறுபவர்களுக்கு ஒரு காட்சியைக் காட்ட விரும்புகிறோம். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்களை ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மன்னரின் உடைவாள் உப்பரிக்கை மாளிகையில் முறைப்படி கைமாறுகிறது. இருமாநிலக் காவல்துறையும் மரியாதை செய்கின்றன. தக்கலைக் கடைத்தெருவில் நம்மவர்களும் ஓரமாக நின்று பார்ப்பதுண்டு. விழா முடிந்ததும் அனைத்தும் அதே வழியே திரும்பி வந்து சேரும். அந்தச் செய்தியை எழுதும் ஆங்கில நிருபர், திருவுருவங்கள் விழா நாள்களில் திருவனந்தபுரத்தில் 'கெப்ட்' என்று எழுதி முடிப்பார். தமிழ் நிருபர் 'வைத்திருந்தார்கள்' என்று எழுதவேண்டும். கை தவறி 'வைத்துக்கொண்டார்கள்' என்று எழுதிவிட்டாரானால், மறுநாள் காலையில் குமரி மாவட்டத்தில் ஒரு பேருந்தும் ஓடாது.